துணிவுக்கு முன் ஒரு துணை

“உடன் பணிபுரியும் ஒருவரை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் தொடர்ந்து சிறுமைப்படுத்துகிறார். அது தவறு என்று தெரிந்தும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பிறருக்காக எழுந்து நிற்கும் துணிச்சல் சிலருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? என்னைப் போன்ற சாதாரண ஆளால் எதையாவது மாற்ற முடியுமா?” என்பது கேள்வி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே மீதமிருந்த பண்டகக் காப்பாளர் ஒருவர் இருந்தார். இருப்புப் பதிவேட்டில் ஏதோ ஒரு கணக்கு இடித்தது. அவரைவிட இருபது வயதாவது இளையவரான அதிகாரி, எங்கள் ஒன்பது பேரையும் உட்கார வைத்துக்கொண்டு, அவரை மட்டும் நிற்க வைத்து விசாரித்தார். கேள்வியில் தவறில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூன்றாவது வாக்கியத்திலேயே ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகிவிட்டது. “நீ என்ன கணக்கு எழுதினாய்? உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” அந்த ‘நீ’ அறையில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் விழுந்தது. நான் என் முன்னால் இருந்த தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்த பிறகு மாடிப்படியில் அவரைப் பிடித்து, நடந்தது சரியில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நீங்களெல்லாம் அங்கேதானே இருந்தீர்கள், தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அறையில் இருந்த ஒன்பது பேரும் கோழைகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் ஒருவர் பின்னாளில் தன் வேலையையே பணயம் வைத்து ஒரு முறைகேட்டை வெளிக்கொண்டு வந்தவர். ஆகவே, துணிச்சல் என்பது சிலரிடம் பிறவியிலேயே இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். அந்த எண்ணம் நம்மைத் தாழ்த்துவது போலத் தோன்றினாலும் உண்மையில் நமக்கு வசதியானது. எனக்கு அது அமையவில்லை என்று சொல்லி விலகிக்கொள்ள அது வழிவிடுகிறது.

மௌனம் எப்படி உண்டாகிறது என்பதைச் சமூக உளவியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து இன்டர்காம் வழியாக உரையாடுவதாக ஏற்பாடு. திடீரென்று பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது; குரல் திக்குகிறது, மூச்சுத் திணறுகிறது, உதவி கேட்கிறது. அந்தக் குரல் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது என்பது மாணவருக்குத் தெரியாது. அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் குரல் ஓய்வதற்கு முன்பே எழுந்து வெளியே வந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி வந்தவர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே.

இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு குறிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுந்து வராமல் அறையிலேயே இருந்துவிட்டவர்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அவர்களில் பலருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, உள்ளங்கை வியர்த்திருந்தது, “அவர் நன்றாக இருக்கிறாரா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். அக்கறையில்லாமல் அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்ற முடிவை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பு ஐந்தாகப் பிரிந்தபோது ஒவ்வொருவர் பங்குக்கும் வந்தது எழுந்து நிற்கப் போதுமானதாக இல்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கதையில் எலிகள் யாவும் உடன்பட்டே இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்; மணி கட்ட வேண்டும் என்பதில் அங்கே கருத்து வேறுபாடே இல்லை.

இந்த ஆய்வுகளைத் தூண்டியது 1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் தெருவில் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி. 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை என்று அப்போது பத்திரிகையில் வந்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பின்னர் தெளிவாயிற்று. பலர் ஏதோ ஓர் அலறலை மட்டுமே கேட்டிருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டிருந்தார். மனிதர்களைப் பற்றிய கசப்பான கதைகள் எவ்வளவு எளிதாக நிலைத்துவிடுகின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் தெருக்களில் நடந்த 219 சச்சரவுகளைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் பார்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது சச்சரவுகளில் வழிப்போக்கர் ஒருவராவது இடைமறித்தார் என்றும், கூட்டம் கூடக்கூட யாராவது ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடியது என்றும் காட்டியது. தெருவில் நடக்கும் அடிதடி எல்லோர் கண்ணுக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அலுவலகத்தில் ஒரு ‘நீ’ அப்படித் தெரிவதில்லை. அதை அவமதிப்பு என்று மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்களா என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார்கள், எல்லா முகமும் சலனமற்று இருப்பதைக் கண்டு தானும் தாளில் பார்வையைப் பதித்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் என் பதிலின் மையம் இருக்கிறது. துணிச்சலைத் தேடிப் புறப்படுவதற்கு முன் ஒரு துணையைத் தேடுங்கள்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனைகள் இதற்கு வலுவான சான்று. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டுக்குச் சமமான நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்ற அனைவரும், முன்பே பேசி வைத்துக்கொண்டபடி, ஒரே தவறான விடையை ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு சேர்ந்துகொண்டது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது தங்கள் கண்ணை நம்பாமல் கூட்டத்தை நம்பினார்கள். பிறகு ஆஷ் ஒரு சிறு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடையைச் சொல்ல வைத்தார். தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. பெரும்பான்மையின் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. அதன் ஒருமித்த தோற்றம் மட்டும் உடைந்தது, அதுவே போதுமாக இருந்தது. அந்த ஒருவர் சொன்ன விடையும் தவறாக இருந்தால்கூட, கூட்டத்திலிருந்து அவர் மாறுபட்டாலே பக்கத்தில் இருந்தவருக்கு நாக்கு எழுந்தது.

அந்தச் சோதனையில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. துணையாக இருந்தவர் நடுவில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, தனித்து விடப்பட்டவரின் தவறுகள் பழைய அளவுக்கே ஏறின. ஆனால் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி அவர் அறையைவிட்டு வெளியேறியபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. அவர் தந்த வலு அவர் போன பிறகும் ஓரளவு தங்கியிருந்தது. எனவே துணை எப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை, கைவிடாமல் இருந்தால் போதும்.

உங்கள் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த அறையில் முதலாவதாகப் பேசும் ஆள் நீங்களாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டாவதாகப் பேசுகிறவர், “அவர் சொல்வது எனக்கும் சரியென்று படுகிறது” என்ற ஒரே ஒரு வாக்கியத்தால் முதலாமவரைத் தனிமனிதர் என்ற நிலையிலிருந்து மீட்டுவிடுகிறார். ஒருவர் பேசினால் அது ‘அவருடைய பிரச்சினை’. இரண்டு பேர் பேசினால் ‘இப்படி ஒரு கருத்து இருக்கிறது’ என்றாகிவிடும். பேசுவதற்கே நடுங்குகிறவர்கள் இந்த இரண்டாம் இடத்திலிருந்து தொடங்கலாம். அதில் இழிவு ஏதுமில்லை.

எப்படித் துணை தேடுவது என்றால், கேட்டுத்தான். நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காப்பாற்றியவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்த ஃபெடெரிகோ வாரேசே, மெய்ர் யாயிஷ் என்ற சமூகவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், உதவி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பிரித்த முக்கியமான காரணங்களில் ஒன்று, அவர்களிடம் யாராவது நேரில் உதவி கேட்டார்களா என்பதுதான் என்று கண்டார்கள். கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உதவினார்கள். அகப்பட்டால் உயிர் போகும் என்ற நிலையிலும் அப்படி. தேநீர் இடைவேளையில் ஒரு சக ஊழியரிடம், “அடுத்த முறை இப்படி நடந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன், நீங்கள் ஆமோதித்தால் போதும்” என்று கேட்பது அதோடு ஒப்பிட்டால் சிறிய காரியம்.

துணைக்கு அடுத்தபடி தேவைப்படுவது ஒத்திகை. நெருக்கடி நேரத்தில் மூளை புதிய வாக்கியங்களை உருவாக்குவதில்லை. நாக்கில் ஏற்கெனவே பழகிய சொல்தான் வெளியே வரும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஜேம்ஸ் லாசன் என்ற இளம் இறையியல் மாணவர் 1959இல் நடத்திய பயிற்சி வகுப்புகள் இதை நன்றாகக் காட்டுகின்றன. காந்தியின் வழிமுறைகளைக் கற்க இந்தியாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுக்கும் கடைகளில் போய் அமைதியாக உட்காருவது திட்டம். அதற்கு முன் பல வாரங்கள், நாற்காலிகளைக் கடையில் இருப்பது போல வரிசையாகப் போட்டு, மாணவர்களில் சிலர் உட்கார, சிலர் அவர்களைத் தாக்கும் கும்பலாக நடித்தார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதினார்கள், நாற்காலியிலிருந்து கீழே தள்ளினார்கள், காதில் விழக்கூடாத சொற்களைச் சொன்னார்கள். உட்கார்ந்திருப்பவர் கையை ஓங்காமல், வசையைத் திருப்பாமல், நேராக உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். தன்னால் அது முடியாது என்று உணர்ந்தவருக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வகுப்பில் இருந்த மாணவிகளில் ஒருவர் டயான் நாஷ். அவருக்கு அச்சம் இருந்தது, அதை அவர் பிற்காலத்தில் மறைத்ததில்லை. 1960 ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் குண்டு வெடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் பேசாமல் நடந்து நகரமன்றத்தை அடைந்தார்கள். அங்கே மேயரைப் பார்த்து டயான் நாஷ் நேராகக் கேட்டார்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று ஒரு மனிதராக நீங்கள் கருதுகிறீர்களா என்று. மேயர், ஆம், தவறுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று அந்த நகரத்தின் ஆறு கடைகள் எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கின. அந்தக் கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள். அதில் வசை இல்லை, சவால் இல்லை. எதிரில் நிற்பவர் நல்ல மனிதராக இருந்து பதில் சொல்வதற்கு அதில் இடம் வைக்கப்பட்டிருந்தது. தட்டிக்கேட்பது என்றாலே குரலை உயர்த்துவது என்று நினைப்பவர்கள், சொல்லில் இருக்கும் வலுவைக் குரலில் செலவழித்துவிடுகிறார்கள்.

துணிச்சலான தனிமனிதர் என்று நாம் கொண்டாடும் பலருக்குப் பின்னால் இப்படியொரு தயாரிப்பு இருக்கிறது. கதை சொல்லும்போது அது உதிர்ந்துவிடுகிறது. ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில், வெள்ளையருக்கு இடம்விட்டுப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்ததை, வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரப் பெண்மணியின் திடீர் முடிவு என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அவர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கக் கிளையில் செயலாளராகச் சேர்ந்தவர். அந்த ஆண்டுக் கோடையில்தான் ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளியில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார். அதே நகரத்தில் அதே ஆண்டு மார்ச் மாதம் பதினைந்து வயதுச் சிறுமி கிளாடெட் கால்வின் இருக்கையை விட மறுத்துக் கைதாகியிருந்தார். ரோசா பார்க்ஸ் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை தன் கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் பேருந்துகளைப் புறக்கணிக்கக் கோரும் துண்டறிக்கைகளை விடிய விடிய அச்சிட்டார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அத்தனை நாளும் மக்கள் வேலைக்கு நடந்தார்கள், அல்லது முறைவைத்து ஓட்டப்பட்ட கார்களில் போனார்கள். யார் எந்தக் காரை எந்த முனையில் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அட்டவணை போட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மாற்றம் உண்டாக்க முடியுமா என்று கேட்டீர்களே, உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த அட்டவணைக்காரர்கள்தான். என்னைக் கேட்டால், மேடையேறத் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இனி, பலரும் தவிர்த்துவிடும் ஒரு விஷயம்: விலை. பிறருக்காகப் பேசினால் நன்மை விளையும், உலகம் போற்றும் என்று உறுதி கூற என்னால் முடியாது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் தன் ஊர்தியைப் படையினருக்கும் ஓடிக்கொண்டிருந்த கிராமத்தினருக்கும் நடுவில் இறக்கினார். அவர் தனியாக இல்லை. அவரோடு இருந்த இரண்டு வீரர்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு சிலர் உயிர் பிழைத்தார்கள். நாடு திரும்பிய அவருக்குக் கிடைத்தது மிரட்டல் கடிதங்களும் சக படையினரின் புறக்கணிப்பும். மூவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது 1998இல், முப்பது ஆண்டுகள் கழித்து. அப்போது அவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை; மை லாய்க்குப் பின் சில வாரங்களிலேயே போரில் இறந்திருந்தார்.

ஆகவே விலையை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது. என்ன போகலாம், அது போனால் தாங்க முடியுமா, வீட்டில் யாரெல்லாம் என்னை நம்பியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பல அச்சங்கள் அளவில் சுருங்கும். சில அச்சங்கள் உண்மையானவை என்பதும் தெரியும். உண்மையானவற்றுக்கு ஏற்றபடி வழியை மாற்றலாம். நேருக்கு நேர் பேச முடியாதவர், நடந்ததைத் தேதியும் நேரமும் சொன்ன சொற்களும் உட்பட அன்றைக்கே எழுதி வைக்கலாம். பின்னால் புகார் எழும்போது நினைவை மட்டும் நம்பிய பத்துப் பேரைவிட அந்தக் குறிப்பு உதவும். அல்லது அந்த நேரத்தில் வேறொரு கேள்வியை எழுப்பிப் பேச்சைத் திருப்பலாம். இவையும் எழுந்து நிற்பதன் வடிவங்களே.

இன்னொரு விலையும் இருக்கிறது, அதை நாம் எண்ணுவதே இல்லை: நாம் பேசியதற்கு வேறொருவர் கொடுக்கும் விலை. நீங்கள் வீரமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மறுநாள் காலை மேலாளரின் அறைக்குள் தனியாக அழைக்கப்படப் போவது அவமதிக்கப்பட்டவர். அவரைக் கேட்காமல் அவருக்காகப் போராடுவது, அவர் சார்பில் முடிவெடுக்கும் இன்னொரு ஆளாக நம்மை ஆக்கிவிடுகிறது. இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருமுறை செய்தும் இருக்கிறேன்.

நான் இரண்டாம் முறை என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பண்டகக் காப்பாளர் ஓய்வுபெற்றுச் சென்ற பிறகு, அதே அதிகாரி அதே முறையில் ஓர் இளம் எழுத்தரிடம் பேசத் தொடங்கினார். இம்முறை நான் அந்த எழுத்தரிடம் முதலில் கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசினேன். சொல்லப்போகும் வாக்கியத்தை வீட்டில் நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் ‘நீ’ விழுந்தவுடன், “சார், கேள்வி சரியானதுதான், அவரை ‘நீங்கள்’ என்று சொல்லியே கேட்கலாமே” என்றேன். குரல் நடுங்கியது. பக்கத்து இருக்கைக்காரர், “ஆமாம் சார்” என்றார். அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கைதட்டல் எதுவும் இல்லை. அந்த ஆண்டு நான் கேட்டிருந்த இடமாற்றம் கிடைக்கவில்லை. இதனால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த அறையில் அதன்பிறகு யாரும் யாரையும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை, சில மாதங்கள் கழித்து விசாரணைகள் எல்லார் முன்னிலையிலும் நடத்தப்படக் கூடாது என்ற சுற்றறிக்கையும் வந்தது. அதைக் கேட்டு எழுதிய மனுவில் ஏழு பேர் கையெழுத்திட்டிருந்தோம்.

உங்கள் விஷயத்தில் முதல் அடி மேலாளரை நோக்கி இருக்கக் கூடாது. இந்த வாரமே அந்தச் சக ஊழியரைத் தனியாகப் பார்த்து, “நேற்று நடந்ததை நான் பார்த்தேன்; அது தவறு. அடுத்த முறை நான் ஏதாவது சொன்னால் உங்களுக்கு நல்லதா, கெடுதலா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், குறிப்பெழுதி வைப்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டு, அவர் மனம் மாறும்போது உங்களிடம் வரலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். சரி என்றால், அன்று மாலையே அந்த அறையில் வழக்கமாக உங்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவரைத் தேடிப் போங்கள்.